சத்தம் தாங்கவில்லை என்றால் மாத்திரைக்கு முன் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் அண்மையில் ஒரு கட்டுரை வந்தது. சின்னச் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிடுகிறவர்கள், பாத்திரம் விழுந்தாலே எரிச்சல்படுகிறவர்கள், குழந்தைகள் கூச்சல் போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் உடம்பில் மெக்னீசியம் குறைந்திருக்கிறது, இரவு படுக்கும் முன் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று அதில் எழுதியிருந்தது. படித்துவிட்டு எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் மாத்திரை வாங்கியே விட்டார்கள். அவர்களில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்நடை மருத்துவர், இப்போது பணி ஓய்வில் இருக்கிறேன். மெக்னீசியம் குறைந்தால் ஓர் உயிருக்குச் சத்தம் எப்படி எதிரியாகிறது என்பதை மனிதர்களிடம் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே மாடு கன்றுகளிடம் பார்த்தவள். அதனால் அந்தக் கட்டுரை முழுக்கத் தவறு என்று சொல்ல வரவில்லை. மெக்னீசியக் குறைவுக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பு கட்டுரையாளர் சொன்னதைவிடப் பெரிது. ஆனால் அது யாருக்கு, எந்த நிலையில் வருகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

முதலில் கன்றுகளைப் பற்றிச் சொல்கிறேன். பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகும் வேறு தீவனம் பழக்காமல் வெறும் பாலிலேயே வளர்க்கும் கன்றுக்கு இந்தக் குறை வரும். பாலில் மெக்னீசியம் கொஞ்சம்தான். பிறந்த புதிதில் கன்றின் குடல் அந்தக் கொஞ்சத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்தத் திறன் குறைந்துவிடும். வயிறாரப் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கிற கன்றுதான் ஒருநாள் திடீரென்று விழும். ஆனால் அதற்கு முன்னாலேயே அறிகுறி காட்டும். காதுகள் பின்னுக்குப் போய் விறைத்து நிற்கும். தலையை விட்டு விட்டு உதறும். இமை படபடக்கும். நடையில் ஒரு விறைப்பு தெரியும். அந்த நேரத்தில் யாராவது வாளியைத் தரையில் 'ணங்' என்று வைத்தால் போதும், கன்று துள்ளி விழுந்து கால்களை வெட்டி வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். ஒருமுறை நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, தொழுவக் கதவின் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்துக்கே ஒரு கன்று அப்படி விழுந்தது. பக்கத்தில் கட்டியிருந்த மாடுகள் அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. அவற்றுக்கு அது ஒரு சத்தமே இல்லை.

அதன் பிறகு இப்படிப்பட்ட கன்று என்று தெரிந்தால், உள்ளே நுழையும் முன்பே வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுவேன்: பேச்சை நிறுத்துங்கள், வாளியைத் தொடாதீர்கள், நாயை வெளியே கொண்டுபோங்கள். பிறகுதான் மெக்னீசியம் சல்பேட் ஊசி. அதையும் தோலுக்கு அடியில் போடுவோம். ரத்தக் குழாயில் வேகமாகச் செலுத்தினால் மூச்சோ இதயமோ நின்றுபோகக்கூடும். உயிர் காக்கும் அதே உப்பு அளவு மீறினால் உயிரை எடுக்கும் என்பதை ஒவ்வொரு ஊசியின்போதும் நினைத்துக்கொண்டே வேலை செய்த பழக்கம் எனக்கு. மாத்திரைதானே, போட்டால் என்ன என்று யாராவது சொல்லும்போது மனம் பதறுவதற்கு அதுதான் காரணம்.

வளர்ந்த கறவை மாடுகளுக்கும் இது வரும். குளிர்நாடுகளில் வசந்த காலத்தில் இளம்புல்லை மேய விடும்போது, அதுவும் பொட்டாஷ் உரம் தாராளமாகப் போட்ட நிலத்தில், நல்ல கறவையில் இருக்கும் மாடுகள் திடீரென்று மிரண்டு ஓடி, விழுந்து, வலிப்பு கண்டு செத்துப்போகும். புல்வெளி இசிவு என்று பெயர். புல்லில் பொட்டாசியம் அதிகமாக இருந்தால் இரைப்பை மெக்னீசியத்தை உறிஞ்ச விடாது. அந்த மாடுகளின் ரத்தத்தில் மெக்னீசியம் இறங்கியிருக்கிறது என்பதை 1930 வாக்கில் நெதர்லாந்தில் ஷொல்லமா என்பவர் கண்டுபிடித்தார். 1932இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் க்ரூஸ், ஓரென்ட், மெக்காலம் என்ற மூவரும் மெக்னீசியம் ஏறக்குறைய இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் அளவுக்கு மீறி மிரண்டன, வலிப்பு வந்து இறந்தன. பிற்பாடு பிரெஞ்சு ஆய்வகங்களில் இதை ஒரு சோதனை முறையாகவே ஆக்கிவிட்டார்கள். மெக்னீசியம் குறைத்து வளர்த்த சுண்டெலியை உரத்த சத்தத்துக்கு ஆளாக்கி, வலிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். வலிப்பைத் தடுக்கும் மருந்துகளை எடைபோட இப்படி ஒரு வழி. ஆக, மெக்னீசியக் குறைவுக்கும் சத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு. விலங்குகளில் இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்ட விஷயம்.

ஏன் அப்படி? காதுக்குள் நத்தை வடிவச் சுருளில் இருக்கும் மயிர்செல்கள் ஒலியை வாங்கி, குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சுரந்து செவிநரம்பைத் தூண்டுகின்றன. மூளையிலும் பெரும்பாலான 'தூண்டு' வேலைக்கு அதே குளூட்டமேட்தான். அதை ஏற்றுக்கொள்ளும் வாயில்களில் என்எம்டிஏ என்று ஒரு வகை உண்டு. சாதாரண நேரத்தில் அந்த வாயிலில் ஒரு மெக்னீசியம் அயனி தக்கை மாதிரி உட்கார்ந்திருக்கும். நரம்புக்கு வலுவான தூண்டல் வந்தால்தான் அது விலகி வழிவிடும். 1984இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இரண்டு குழுக்கள் இதைக் கண்டறிந்தன. சுற்றிலும் மெக்னீசியம் குறைந்தால் சின்னத் தூண்டலுக்கே வாயில் திறந்துகொள்கிறது. நரம்பு தசையைச் சேரும் இடத்திலும் மெக்னீசியம் கால்சியத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. அந்த அடக்கம் போனால் தசை தானாகத் துடிக்கும், பிடித்து இழுக்கும். கன்றின் இமை படபடத்ததும் கால் விறைத்ததும் தாழ்ப்பாள் சத்தத்துக்கு விழுந்ததும் ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்கள்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் வருகிறது. சத்தத்தை மட்டும் தாங்க முடியாமல், மற்றபடி எந்தக் கோளாறும் இல்லாத ஒரு கன்றை நான் பார்த்ததே இல்லை. துடிப்பு, விறைப்பு, நடுக்கம், பிடிப்பு எல்லாம் சேர்ந்தேதான் வரும். மனிதர்களுக்கும் மருத்துவ நூல்கள் சொல்வது அதுதான். ரத்தத்தில் மெக்னீசியம் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1.2 மி.கி.க்குக் கீழே போகும்போது நடுக்கம், தசைப்பிடிப்பு, கை விரல்கள் இழுத்துக்கொள்வது, இதயத் துடிப்பு தாறுமாறாவது, முற்றினால் வலிப்பு. மிரட்சியும் திடுக்கிடலும் இந்தக் கூட்டத்தோடு வருகிறவை. வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சத்தம் மட்டும் எரிச்சலாக இருக்கிறது என்றால், முதல் சந்தேகம் மெக்னீசியத்தின் மேல் விழக்கூடாது. காதின் மேல் விழ வேண்டும்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன், அவள் அனுமதியோடு. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன்பு வரை வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் அதன் நடுவே நிம்மதியாகத் தூங்குகிறவள். கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். கரண்டி தட்டில் பட்டால் தோள் தூக்கிப்போடும். யாராவது தும்மினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். "ஏன்டி கதவை இப்படி அறையுற?" என்று என்னைத் திட்டுவாள். நான் கதவைச் சாத்தியே இருக்க மாட்டேன், காற்றில் மெல்ல மூடியிருக்கும். ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனோம். வயதானால் அப்படித்தான், மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வயதான பெண்கள் எதைச் சொன்னாலும் மனசு என்று முடித்துவிடுகிற வழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அக்கா அன்று வீடு வரும் வரை பேசவே இல்லை.

ஒருநாள் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணின் கீழிமை துடித்துக்கொண்டே இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டேன், கால் பிடிக்கிறதா? ஆமாம், ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது, தினமும்தான், இதையெல்லாமா சொல்லுவாங்க என்றாள். அவளுடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல் வகை மாத்திரை பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மருத்துவர் சில வாரங்களுக்கு என்று எழுதியது, நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாமல் நீண்டுகொண்டே போயிருந்தது. கூடவே ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்று.

இந்த இரண்டும் மெக்னீசியத்தைக் குறைக்கக்கூடியவை என்பது மருத்துவ உலகில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்டகாலம் சாப்பிட்டால், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், ரத்தத்தில் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சில் எச்சரிக்கை விட்டது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, மெக்னீசியம் மாத்திரை கொடுத்தும் அளவு ஏறவில்லை, அமில மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது. இதை உங்கள் வாசகர்கள் தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். இழப்பதற்கான காரணம் அப்படியே இருக்கும்போது மேலே மேலே கொட்டுவதால் பயன் இல்லாமல் போகலாம். நீர் மாத்திரைகளில் பல சிறுநீர் வழியாக மெக்னீசியத்தை வெளியேற்றுகின்றன. இவை தவிர கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடல் அழற்சி நோய்கள், குடலில் ஒரு பகுதியை அகற்றிய அறுவை சிகிச்சை, நெடுநாள் குடிப்பழக்கம், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. சாதாரணமாகக் கீரை, பருப்பு, விதைகள், முழுதானியம் சாப்பிடுகிற, இந்தப் பட்டியலில் எதுவும் இல்லாத ஒருவருக்கு, கன்றைப் போல விழுகிற அளவுக்கு மெக்னீசியம் குறைவது அரிது. நல்ல சிறுநீரகம் இருந்தால் உணவில் கொஞ்சம் குறைந்தாலும் அது இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புகள் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அந்தக் காகிதத்தை வாங்கிப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் இருக்கும். மெக்னீசியம் பெரும்பாலும் இருக்காது. அதைத் தனியாக எழுதிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். அக்காவின் பழைய அறிக்கைகளில் பொட்டாசியம் கொஞ்சம் குறைவு என்று இருமுறை வந்திருந்தது, அதற்கு மருந்தும் கொடுத்திருந்தார்கள், ஏறவே இல்லை. மெக்னீசியம் குறைந்திருக்கும்போது சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. அதனால் மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை ஏற்றவே முடியாது. கால்சியமும் சேர்ந்து இறங்கும். ஏறாத பொட்டாசியம் ஒரு பெரிய துப்பு. அதை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வளர்ந்த மனிதரின் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பங்கு தசையிலும் மற்றத் திசுக்களிலும். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் ரத்த அளவு சரியாக இருந்தாலும் கையிருப்பு குறைந்திருக்கலாம். மாடுகளிலும் இதே சிக்கல்தான். ரத்தத்தில் அளவு இறங்கியும் சில மாடுகள் சும்மா நிற்கும். மூளையைச் சுற்றியுள்ள நீரில் அளவு இறங்கும்போதுதான் வலிப்பு வரும். இறந்துபோன மாட்டில் ரத்தத்தை நம்பாமல் கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுத்துச் சோதிப்போம். இருந்தாலும் ரத்த அளவு குறைவு என்று வந்துவிட்டால், அது குறைவுதான், அதில் வாதம் இல்லை. அக்காவுக்கு அப்படித்தான் வந்தது. 

வேறு ஒரு மருத்துவர், பொறுமையாகக் கேட்டவர், அமில மாத்திரையை நிறுத்தி வேறு வகை மருந்துக்கு மாற்றினார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு மெக்னீசியம் கொடுத்தார், இடையிடையே அளவு பார்த்தார். இமைத் துடிப்பு நின்றது. கெண்டைக்கால் பிடிப்பு நின்றது. தும்மலுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும் குறைந்தது. பொட்டாசியம் தானாக ஏறியது.

ஆனால் சத்தத் தொந்தரவு முழுதாகப் போகவில்லை. இந்தப் பாதியை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் எழுதினால் நானும் அந்தக் கட்டுரையாளர் செய்ததையே செய்தவள் ஆவேன். மெல்லப் பேசினால் அக்காவுக்குக் கேட்காது. "என்ன சொன்ன?" என்பாள். கொஞ்சம் குரலை உயர்த்தினால், "ஏன்டி கத்துற, நான் என்ன செவிடா?" என்பாள். கேட்காததற்கும் தாங்காததற்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிப்போயிருந்தது. காது மருத்துவர் அனுப்பி, கேள்திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் பரிசோதித்தபோது, மயிர்செல்கள் தேய்ந்ததால் வரும் கேள்திறன் குறைவு என்று தெரிந்தது. அந்த வகையில் மெல்லிய ஒலி கேட்கவே கேட்காது, ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்குக் கேட்கும் அதே உரப்போடு கேட்கும். நடுவில் மெதுவாக ஏற வேண்டியது சடாரென்று ஏறிவிடும். தேய்ந்த மயிர்செல்லை எந்த மாத்திரையும் முளைக்க வைக்காது. அவளுக்கு உதவியது, உரத்த ஒலியைக் கட்டுப்படுத்தும்படி சரியாக அமைத்துக் கொடுத்த காது கருவி. மாத்திரையோடு நிறுத்தியிருந்தால், இன்னும் ஒரு மாத்திரை கூட்டிப் போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள்.

சத்தம் தாங்க முடியாமல் போவதற்கு எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு வெடிச்சத்தம், அல்லது இரைச்சலான வேலையிடத்தில் பல வருடம். தலையில் அடி. ஒற்றைத் தலைவலி. அதன் மருத்துவ வரையறையிலேயே சத்தம் பிடிக்காமை ஓர் அறிகுறியாக இருக்கிறது. முகவாதம். நடுக்காதில் ஸ்டேப்பீடியஸ் என்று ஒரு மிகச் சிறிய தசை, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத்தசை அதுதான், உரத்த சத்தம் வரும்போது இறுகிக் காதைக் காப்பாற்றும். அதை இயக்குவது முக நரம்பு. அந்த நரம்பு செயலிழந்தால் முகம் கோணுவதோடு அந்தப் பக்கக் காதில் சத்தமும் தாங்காது. சில தூக்க மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவதாலும் வரும். இன்னொன்று, உள்காதின் மேல்பக்க அரைவட்டக் குழாயை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை விழுவது. 1998இல்தான் லாயிட் மைனர் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தார். இவர்களில் சிலருக்குத் தங்கள் கண்விழி அசையும் சத்தமே காதில் கேட்கும்! அப்படி ஒருவர் வந்து சொன்னால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? மற்றவர் மெல்லும் சத்தம், மூக்கு உறிஞ்சும் சத்தம் என்று குறிப்பிட்ட சில ஒலிகளுக்கு மட்டும் கோபமும் அருவருப்பும் பொங்கினால் அது மிசோஃபோனியா, அதற்கான வழி வேறு. இவர்கள் எல்லோருக்கும் மெக்னீசியம் குறைவு என்று ஒரே சீட்டு எழுதுவது நியாயமே இல்லை.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளை அந்தக் கட்டுரை சுட்டிக்காட்டுகிறதே என்று கேட்கலாம். அவை என்ன கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். 1994இல் இஸ்ரேலில் அட்டியாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் நல்ல ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். துப்பாக்கிச் சத்தத்தின் நடுவே இரண்டு மாதம் பயிற்சி பெற்ற 300 இளம் ராணுவ வீரர்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 167 மி.கி. மெக்னீசியமும், மற்றவர்களுக்கு மெக்னீசியம் இல்லாத பானமும் கொடுத்தார்கள். மெக்னீசியம் குடித்தவர்களுக்கு நிரந்தரக் காது பாதிப்பு குறைவாக இருந்தது. அருமையான முடிவு. ஆனால் அது கேட்கும் திறன் கெடாமல் காப்பதைப் பற்றியது, சத்தம் தாங்காமையைப் பற்றியது அல்ல. 2011இல் மேயோ கிளினிக்கில் காது இரைச்சல் உள்ள சிலருக்குத் தினம் 532 மி.கி. வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, இரைச்சலின் தொல்லை குறைந்ததாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு அதில் இல்லை. காது இரைச்சல் மனநிலையோடு ஏறி இறங்கும் தொல்லை, ஒப்பீடு இல்லாமல் முடிவுக்கு வர முடியாது. ஒற்றைத் தலைவலிக்கு 1996இல் ஜெர்மனியில் 81 பேரை வைத்து, தினம் 600 மி.கி. கொடுத்துச் செய்த ஆய்வு முறையானது. வலி வரும் எண்ணிக்கை மெக்னீசியம் குழுவில் 41.6 சதவீதம் குறைந்தது, வெற்று மாத்திரைக் குழுவில் 15.8 சதவீதம். சத்தம் தாங்காமை ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வருகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் அர்த்தம் உண்டு, நானே கேட்கச் சொல்வேன். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து, சத்தம் தாங்காமைக்கு மெக்னீசியம் மருந்து என்று ஆய்வுகள் சொல்கின்றன என்று எழுதியதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு ஆபத்து காதை அடைத்துக்கொள்வது. சத்தம் தாங்கவில்லை என்றால் பஞ்சு, காதடைப்பான் என்று தேடுவது இயல்புதான். அக்காவும் நாள் முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 2003இல் ஃபார்ம்பி என்பவரும் மற்றவர்களும் நல்ல காது உள்ளவர்களை வைத்தே சோதித்தார்கள். ஒரு பகுதியினர் காதடைப்பான் போட்டுக்கொண்டு இருந்தார்கள், மற்றவர்கள் மெல்லிய இரைச்சல் தரும் கருவி போட்டுக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் காதை அடைத்தவர்களுக்கு முன்பைவிடச் சின்னச் சத்தமே உரக்கக் கேட்டது. மெல்லிய இரைச்சலோடு இருந்தவர்களுக்குத் தாங்கும் திறன் கூடியது. அமைதியில் மூளை தன் ஒலிவாங்கும் அளவைக் கூட்டிவைத்துக்கொள்கிறது. மரம் அறுக்கும் இயந்திரம், பட்டாசு, வெடி போன்ற உண்மையிலேயே கெடுதலான சத்தத்துக்கு அடைத்துக்கொள்ளுங்கள், அது அவசியம். வீட்டுப் பேச்சுக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் அடைக்காதீர்கள். ஒலியை மெல்ல மெல்லப் பழக்கும் சிகிச்சையும், பயத்தைக் குறைக்கும் மனநல ஆலோசனையும் ஆடியாலஜிஸ்ட்கள் மூலம் கிடைக்கின்றன. அந்தக் கட்டுரையில் ஆடியாலஜிஸ்ட் என்ற வார்த்தையே ஒரு இடத்திலும் வரவில்லை.

கடைசியாக, சிறுநீரகம். மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது பழுதாக இருந்தால் மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கும். முதலில் சோர்வு, குமட்டல், பிறகு தசைத் தளர்ச்சி, ரத்த அழுத்தம் இறங்குதல், முற்றினால் மூச்சும் இதயமும் மெதுவாகி நின்றுபோகலாம். மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கடையில் நேராக வாங்கும் மருந்துகள் சிலவற்றிலும் மெக்னீசியம் இருக்கிறது. அதோடு இதையும் சேர்த்தால் அளவு எங்கேயோ போய்விடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும், உணவுக்கு மேல் மாத்திரையாக எடுப்பது தினம் 350 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வல்லுநர் குழு வரம்பு வைத்திருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் அதற்கு மேல் கொடுப்பது வேறு விஷயம். மாத்திரை அட்டையில் மெக்னீசியம் ஆக்சைடு 500 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உண்மையான மெக்னீசியம் ஏறக்குறைய 300 மி.கி., மீதி ஆக்சிஜன். அட்டையில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை, எலும்பு வலுவுக்கான சில மாத்திரைகள், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் சாப்பிடுகிறவர்கள் மெக்னீசியத்தை அவற்றோடு ஒரே நேரத்தில் போட்டால் அந்த மருந்துகள் உடம்பில் சேராது. சில மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

எனவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தச் சில வரிகளை வெளியிடுங்கள்: சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மெக்னீசியம் மாத்திரை போடக்கூடாது. அமில மாத்திரையோ நீர் மாத்திரையோ நீண்டகாலம் சாப்பிடுகிறவர்கள், திடுக்கிடலோடு தசைப்பிடிப்பும் துடிப்பும் இருந்தால், ரத்தத்தில் மெக்னீசியத்தைத் தனியாக எழுதிக் கேட்டுப் பார்க்க வேண்டும், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. ஒரு காதில் மட்டும் திடீரென்று சத்தம் தாங்காமல் போனால், கூடவே தலைசுற்றலோ முகக் கோணலோ கேள்திறன் குறைவோ இருந்தால், அன்றே காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை இந்த விஷயத்தை எழுத ஒரு ஆடியாலஜிஸ்ட்டை அழையுங்கள். அக்காவைப் போன்றவர்கள் கேட்க நினைக்கும் கேள்விகளை நானே எழுதி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்